மாத்திரைக்குக் களா

முதுநகர்
20-11-1966, ஞாயிறு இரவு

லாத்தா,

இதை யாரிடமும் காட்டாதே. மச்சானிடம்கூடக் காட்டாதே. படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. அடுப்படியில் உன் மாமியார் இருந்தால் கிணற்றில் போட்டுவிடாதே, காகிதம் மிதக்கும். மென்று விழுங்கினாலும் சரி. நான் உனக்கு எழுதுகிறேன் என்று வாப்பாவுக்குத் தெரிந்தால் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவார். எல்லோரும் தூங்கிய பிறகு சிம்னி விளக்கைத் தணித்து வைத்து, பூகோள நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன்.

உன் கவர் புஷ்பவள்ளி வீட்டுக்கு வெள்ளிக்கிழமை வந்தது. அவள் பாவாடையில் செருகி எடுத்துவந்து இடைவேளையில் கொடுத்தாள். இரண்டு குடம் சேந்துவதற்குள் கண் இருட்டுகிறது, மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது, அடுப்புச் சாம்பலை அள்ளித் தின்கிறேன், சிரிக்காதே என்று எழுதியிருந்தாய். நான் சிரிக்கவில்லை லாத்தா. எனக்கும் அதே வியாதிதான். நீ சாம்பல் தின்றாய், நான் சாக்பீஸ் தின்றேன். அதுதான் வித்தியாசம்.

போன மாதம் பிரேயரில் மயங்கி விழுந்தேன். உம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். லேடி டாக்டர் என் கண்ணின் கீழ்த்தோலை இழுத்துப் பார்த்துவிட்டு, "என்னாம்மா, சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கியா உள்ள?" என்று கேட்டார்கள். விரலைக் குத்தி எடுத்துப் பார்த்ததில் பதின்மூன்று இருக்கவேண்டிய ரத்தம் ஏழரைதான் இருந்ததாம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பச்சை நிறம், மேலே சர்க்கரைப் பூச்சு. தினம் மூன்று வேளை, சோறு தின்ற பிறகு. மூன்று மாதத்துக்கு நிறுத்தக்கூடாதாம்.

போட்ட மூன்றாம் நாள் வெளிக்கு எல்லாம் கரியாகப் போயிற்று. குடல் அழுகிவிட்டது, மௌத்தாகப்போகிறேன் என்று நினைத்து, என் வெள்ளிக் கொலுசு உனக்கு என்று ஒரு தாளில் எழுதிவைத்தேன். பிறகு உம்மா சொன்னாள், டாக்டர் அதையும் சொல்லியிருந்தார்களாம். எனக்குச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்ததாம். கொலுசு திரும்பவும் எனக்குத்தான்.

ஏழு மாத்திரை இதில் வைத்திருக்கிறேன். போன தடவை குழந்தை தங்காமல் போனபோது உனக்கு எவ்வளவு ரத்தம் போயிற்று என்று நான் பார்த்தேன். நான் பார்க்கவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தடவை அப்படிப் போக உன்னிடம் ரத்தம் இல்லை லாத்தா.

ஏழாம் மாதம் உன்னைக் கூட்டிவந்திருக்கவேண்டும். கல்யாண வீட்டில் நம் வாப்பா மச்சானின் வாப்பாவை முதல் சஹன் தட்டில் உட்காரவைக்காமல் அடுத்த பந்திக்கு நிற்கவைத்தது இவ்வளவு பெரிய குற்றமா? ஒரு தட்டுச் சோற்றுக்காக நீ அங்கேயே கிடக்கவேண்டுமா? யாரிடம் கேட்பது?

உன் சைனம்பு


சிதம்பரம்
27-11-1966

அன்புத் தங்கச்சி சைனுவுக்கு,

பால் ஊற்றும் மாரியம்மாள் பெயருக்கு எழுதச் சொன்னது நல்லதாய்ப் போயிற்று. அவள் கவரைச் செம்புக்கு அடியில் வைத்துக்கொண்டுவந்து, "இந்தா பாப்பா, உனக்குத் தங்கச்சி விபூதி அனுப்பியிருக்கு" என்றாள். உன் மாத்திரைமேல் தபாலாபீஸ்காரன் முத்திரையை ஓங்கிக் குத்தியிருக்கிறான். ஏழும் பொடி. கவர் முழுக்கப் பச்சை. வீணாக்க மனமில்லாமல் கவரைக் கிழித்து நக்கினேன். ஆணியை நக்கினதுபோல் இருந்தது. பல்லெல்லாம் கறுத்துப்போய், சாயங்காலம் வரைக்கும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரிந்தேன். மாமி, "என்னாடி இன்னிக்கு இவ்ளோ வெக்கம்?" என்று கேட்டார்கள்.

இங்கே இருக்கிற பிரசவ விடுதியில் இதே மாத்திரை கொடுக்கிறார்கள் என்று மாரியம்மாள் சொன்னாள். மாமியிடம் கேட்டேன். "அதத் தின்னா புள்ள தல பெருசாயிடும், வெளிய வராது. கறுப்பாவும் பொறக்கும். நான் ஏழு பெத்தேன், எந்த மாத்திரையத் தின்னேன்?" என்றார்கள். அதற்குமேல் எப்படிக் கேட்பது? மச்சானிடம் சொன்னால், "உம்மா சொல்றத கேளு அஸ்மத்" என்பார். குணம் கெட்டவர் இல்லை. எனக்கு ஆரஞ்சு வாங்கிவந்து ஒளித்துக் கொடுப்பார். ஆனால் உம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை வராது.

நீ மூன்று வேளை என்று எழுதியிருக்கிறாய். மூன்று வேளை யார் கண்ணில் படாமல் நான் விழுங்குவது? மாரியம்மாளின் மருமகளுக்குத் தினம் ஒன்றுதான் கொடுத்தார்களாம். எது சரி? நீ படிக்கிறவள், விசாரித்து எழுது. ஆறாவதோடு என்னை நிறுத்தாமல் இருந்திருந்தால் நானே போய்க் கேட்டிருப்பேன்.

வாப்பா என்னைப் பற்றி ஏதாவது பேசுகிறாரா? பேசவில்லை என்றால் எழுதாதே.

அஸ்மத்


முதுநகர்
4-12-1966, இரவு

லாத்தா,

வாப்பா பேசுகிறார். ஆனால் உன்னைப் பற்றி இல்லை, மச்சானைப் பற்றித்தான். நேற்றுச் சாப்பிடும்போது உம்மா, "புள்ள எட்டு மாசமாவப் போவுது. நாமளே போய்க் கூட்டியாந்துடலாமே" என்றாள். வாப்பா கையை உதறிக்கொண்டு எழுந்தார். "கை நனைக்காம எழுந்து போனது அவன். இந்த வாசல மிதிக்கமாட்டேன்னு ஊருக்கு நடுவுல சத்தியம் பண்ணது அவன். வந்து ஒரு ஸலாம் சொல்லட்டும், அப்பறம் பாக்கலாம்." உம்மா அந்தத் தட்டை அப்படியே மூடிவைத்தாள். காலையில் மீனுக்குப் பூனை வந்தது.

இந்தத் தடவை மாத்திரையை முத்திரை குத்தமுடியாது. தபாலாபீஸில் நின்று ஒரு மணி நேரம் பார்த்தேன். தபால்தலை ஒட்டுகிற மூலையில்தான் குத்துகிறார்கள். அதனால் ஒரு துணிப்பட்டையில் பதினாலு மாத்திரையையும் பொத்தான்போல வரிசையாய்த் தைத்து, எதிர் மூலையில் மடித்து வைத்திருக்கிறேன். தையல் டீச்சர் பார்த்தால் எனக்கு முதல் மார்க் போடுவார்.

எத்தனை வேளை என்று கேட்டாய். டாக்டர் எனக்கு மூன்று வேளைதான் சொன்னார்கள். ஆனால் மூன்று போட்டால் வயிறு எரிந்து குமட்டுகிறது. சோறு இறங்கவில்லை. அதனால் நானே ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரவில் ஒன்று மட்டும் போடுகிறேன். குமட்டல் நின்றுவிட்டது. மிச்சமெல்லாம் உனக்கு. இது தப்பாக இருந்தால் என் உடம்புக்குத்தான் கெடுதல். பரவாயில்லை. உனக்கு இரண்டு உயிர். நீ மாரியம்மாள் மருமகளைப்போலத் தினம் ஒன்று போடு.

ஒன்று மட்டும் கேள். ஒரு நாள்கூட விடாதே. தப்பித்தவறி விட்டுப்போனால் களா செய்துவிடு. ஓதிக்கொடுக்கிற உஸ்தாபி சொல்வார்களே, விட்டுப்போன நோன்பைக் கணக்கு வைத்துப் பின்னால் நோற்றுத் தீர்க்கவேண்டும், ஒன்று குறைந்தாலும் கடன்தான் என்று. மாத்திரையும் அப்படித்தானே இருக்கும்? மூன்று மாதத்துக்கு இத்தனை என்று டாக்டர் கணக்குப் பண்ணித்தானே கொடுக்கிறார்கள்? கணக்கு குறைந்தால் ரத்தமும் குறையும். இதை நானே யோசித்துக் கண்டுபிடித்தேன்.

நோன்பு வரப்போகிறது. பிள்ளைத்தாச்சிகள் நோன்பை விட்டுப் பின்னால் களா செய்யலாம் என்று உஸ்தாபி சொன்னார்கள். நீ விட்டுவிடு லாத்தா.

சைனம்பு


சிதம்பரம்
18-12-1966

சைனு,

துணிப்பட்டை உடையாமல் வந்தது. அதைத் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். ராத்திரி தலையை வைத்துப் படுக்கும்போது ஒவ்வொன்றும் உன் விரல் நுனிபோல் குத்துகிறது. எனக்கு யாருமில்லை என்று அழத் தோன்றும்போது அதைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

நோன்பை விடவில்லை. விட முடியவில்லை. மாமி ஏழு பிள்ளைக்கும் நோன்பு பிடித்தவர்களாம். "ஊர்ல இல்லாத புள்ளத்தாச்சி" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்கள். பிடித்துவிட்டேன். பகலில் வாயில் ஒன்றும் போடமுடியாது. விடியுமுன் சஹருக்கு எழுந்தால் மாமி பக்கத்தில் உட்கார்ந்து எனக்குச் சோறு போடுகிறார்கள். நோன்பு திறந்ததும் கஞ்சி, அதன்மேல் இரண்டு கோப்பை டீ, பிறகு வீடு முழுக்க ஆள். எப்போது விழுங்குவது? மாமி தொழுகையில் நிற்கிற நேரம் பார்த்து ஒரு நாள் போட்டேன். மற்ற நாள் விட்டுப்போயிற்று.

பயப்படாதே, கணக்கு வைத்திருக்கிறேன். விறகு அடுக்கியிருக்கிற சுவரில், விட்ட நாளுக்கு ஒரு கரிக்கோடு. மாமி பார்த்து, "என்னா இது?" என்றார்கள். பால் கணக்கு என்றேன். உன் உஸ்தாபி சொன்னதுபோல நோன்புக்கும் களா, மாத்திரைக்கும் களா. நீ சொன்ன பிறகு எனக்கு ஒரு தெம்பு வந்திருக்கிறது. விட்டது வீணாகப் போகாது, சேர்ந்துகொண்டே இருக்கிறது என்று.

நேற்று மச்சானிடம், "உம்மா வீட்டுல பெத்துக்கிட்டு வந்துர்றேனே" என்று கேட்டேன். "ஒன் வாப்பா ஒரு வார்த்த கூப்புடட்டும் அஸ்மத். கூப்புடாத வீட்டு வாசல்ல நான் போய் நிக்க மாட்டேன். உசுரு போனாலும் நிக்க மாட்டேன்" என்றார். பிறகு எனக்குக் கால் அமுக்கிவிட்டார். கால் வீங்கியிருக்கிறது.

வாப்பாவிடம் நீ ஒரு தடவை கேட்கிறாயா? நீ செல்லப்பிள்ளை. உன்னை அடிக்கமாட்டார்.

அஸ்மத்


முதுநகர்
27-12-1966

லாத்தா,

கேட்டேன். அடிக்கவில்லை.

நோன்பு திறக்கிற நேரம் நல்ல நேரம் என்று அப்போது கேட்டேன். வாப்பா பேரீச்சம்பழத்தை வாய்க்குக் கொண்டுபோனார். "வாப்பா, லாத்தாவக் கூட்டியாந்துடலாமா? அதுக்கு ரத்தமே இல்ல" என்றேன். பழத்தைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் மட்டும் குடித்தார். "ரத்தம் இல்லன்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். கனவில் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். நோன்போடு பொய். அவர் என்னையே பார்த்தார். பிறகு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். அன்றைக்கு இரவு உன் பழைய அறையில் ஏதோ தேடுகிறவர்போல நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்ததும், "சாவி" என்றார். சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

என்னால் இதற்குமேல் முடியவில்லை. எனக்குப் பதினாலு வயது. என்னிடம் மாத்திரை மட்டும்தான் இருக்கிறது. இருபது அனுப்புகிறேன், இரண்டு கவரில், பத்துப் பத்தாக.

வலி எடுத்தால் விடிகிறவரை காத்திருக்காதே. மச்சானை இங்கே அனுப்பு. வந்துவிட்டால் வாப்பா கதவைத் திறக்காமல் இருக்கமாட்டார். வருவாரா?

சைனம்பு


சிதம்பரம்
5-1-1967

அன்புள்ள சைனுவுக்கு,

இன்றைக்கு ஒரு நல்ல செய்தி. வருகிற திங்கட்கிழமை மாமாவும் மாமியும் காட்டுமன்னார்கோயிலுக்குப் போகிறார்கள். மாமியின் தங்கச்சி வீட்டுக்காரருக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா. செவ்வாய் சாயங்காலம்தான் திரும்புவார்கள். மச்சான் கடையில் பெருநாள் வியாபாரம், விடியற்காலம் வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். ஒரு ராத்திரி முழுக்க வீடு எனக்கு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படி ஒரு ராத்திரி கிடைத்ததில்லை.

உன் இரண்டு கவரும் வந்து சேர்ந்தன. திங்களோடு கணக்குப் பார்த்தால் சுவரில் இருபத்திரண்டு கோடு இருக்கும். தலையணைக்குள் இருபத்திரண்டு மாத்திரை இருக்கும். சரியாக இருக்கிறது பார்த்தாயா? செவ்வாய்க்கிழமை சஹரில் மொத்தக் களாவையும் ஒரே தடவையில் முடித்துவிடப்போகிறேன். எல்லாக் கோட்டையும் அழித்துவிட்டுத்தான் பெருநாள் பிறையைப் பார்ப்பேன். இருபத்திரண்டு நாள் ரத்தமும் ஒரே நாளில் ஊறினால் உன் டாக்டரே ஆச்சரியப்படுவார்.

இரண்டு நாளாகக் குழந்தை நன்றாக உதைக்கிறது. உன்னைப்போல முரடு. பெண்ணாக இருந்தால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவேண்டும் என்று மச்சானிடம் சொன்னேன். "அனுப்புவோம்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

அஸ்மத்


முதுநகர்
10-1-1967, செவ்வாய் இரவு

லாத்தா,

போட்டுவிட்டாயா? போட்டிருக்காதே. யா அல்லாஹ், நீ தூங்கிப்போயிருக்கவேண்டும். சஹருக்கு எழுந்திருக்கவே கூடாது.

உன் கவர் சனிக்கிழமையே வந்திருக்கிறது. புஷ்பவள்ளி மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் அப்பா சிங்காரம் ரயில்வேயில் ராத்திரி வேலை முடித்துவந்து, மகளுக்கு வந்த கவர் என்று பிரிக்காமல் மாடத்தில் வைத்திருக்கிறார். இன்று சாயங்காலம்தான் அவள் வந்தாள். ஓடிவந்து கொடுத்துவிட்டு, "என்னாடி, எம்மாம் நாள் நோன்புடி ஒங்களுக்கு, மொகமே சுண்டிப்போச்சு" என்று கேட்டாள். நான் படித்துக்கொண்டிருந்தேன்.

காலையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் பார்த்தார்கள். ஒன்பதே முக்கால். டாக்டர் தட்டிக்கொடுத்து, "மூணு வேளையும் ஒழுங்கா போட்டியா?" என்று கேட்டார்கள். உம்மா வெளியில் நின்றாள். இல்லை டாக்டர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒன்றுதான் போட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். சிரித்தார்கள். "மூணு ஒத்துக்கலன்னா வந்து சொல்லணும், நீயா கொறச்சுக்கக் கூடாது. ஆனா ஏறியிருக்கே, அது போதும். ஒடம்பு ஒரு தடவைக்குக் கொஞ்சந்தான் எடுத்துக்கும். இனிமே அதே மாதிரி போடு. டீயோட போடாதே" என்றார்கள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் கேட்டேன். "விட்டுப்போனதயெல்லாம் பின்னால சேத்துப் போடணுமா டாக்டர்?"

அவர்கள் முகம் மாறிவிட்டது. "யார் சொன்னா ஒனக்கு? விட்டது விட்டதுதான். மறுநாள் ஒண்ணு, அவ்வளவுதான். சேத்து முழுங்கினா அது மருந்தில்ல, வெஷம். வயிறு புண்ணாகி ரத்தமா வாந்தி வரும். மிட்டாயின்னு நெனச்சுத் தின்ன புள்ளங்களப் பாத்திருக்கேன். அந்த மாதிரி எதுனா செஞ்சியா?"

இல்லை என்றேன். உண்மைதான், நான் செய்யவில்லை. உனக்கு எழுதினேன். அவ்வளவுதான் செய்தேன். யார் சொன்னா என்று கேட்டார்களே, அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன் டாக்டர். நானே யோசித்துக் கண்டுபிடித்தேன். உஸ்தாபி நோன்புக்குத்தான் சொன்னார்கள். மாத்திரைக்குச் சொன்னது நான்.

உனக்கு உடனே எழுதி நிறுத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். நாள் இருக்கிறது என்று நினைத்தேன். அப்போதே விடிந்து எத்தனை நேரம் ஆகியிருந்தது லாத்தா. நான் டாக்டர் முன்னால் சந்தோஷமாக நின்றபோது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?

மக்ரிப் தொழுகைக்குப் பிறகு உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், புஷ்பவள்ளி, மாரியம்மாள், துணிப்பட்டை எல்லாம். கஞ்சிக் கோப்பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டவே இல்லை. "வாப்பா தராவீஹ் தொழுதுட்டு வரட்டும்" என்றாள். வாப்பா வந்தார். உம்மா வாயைத் திறந்து, "பெருநாளைக்குக் கறி எவ்ளோ சொல்லட்டும்?" என்று கேட்டாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வாப்பா படுத்துவிட்டார்.

தந்தி ஆபீஸ் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் இந்த நேரத்தில் தெருவில் எப்படிப் போவேன்? இந்தக் கடிதம் உனக்கு வியாழக்கிழமைதான் கிடைக்கும். எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதிக்கொண்டிருக்கிற வரைக்கும் நீ படிப்பாய் என்று இருக்கிறது.

இப்போது மூன்றாவது தடவையாக வாப்பா அறைக் கதவுவரை போய்த் திரும்பிவந்தேன். இந்தப் பக்கத்தை முடித்ததும் எழுப்பிவிடுவேன். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தட்டும். நாளைக்கே எனக்குக் கல்யாணம் பேசட்டும். வாப்பா, லாத்தாவைப் போய்ப் பாருங்கள், ஸலாம் அவர் சொன்னால் என்ன, நீங்கள் சொன்னால் என்ன என்று கேட்டுவிடுவேன். இதோ எழுந்துவிட்டேன். நின்றுகொண்டேதான் எழுதுகிறேன்.

நீ போட்டிருக்கமாட்டாய். மச்சான் சீக்கிரம் வந்திருப்பார். துணிப்பட்டை தலையணையிலேயே இருக்கும். இருபத்திரண்டையும் தூக்கிச் சாக்கடையில் கொட்டிவிடு லாத்தா. கோட்டையெல்லாம் அழித்துவிடு. கடன் ஒன்றும் இல்லை. விட்டது விட்டதுதான். டாக்டரே சொன்னார்கள்.

வாசல் கதவை யாரோ தட்டுகிறார்கள்.

சஹருக்கு எழுப்புகிற பாவாவாக இருக்கும். இல்லை, அவர் வர இன்னும் நேரம் இருக்கிறது. அவர் தப்ஸ் அடித்துக்கொண்டே போய்விடுவார், கதவைத் தட்டமாட்டார். திரும்பவும் தட்டுகிறார்கள். வாப்பா எழுந்துவிட்டார். "யாரது?" என்கிறார்.

"மாமா" என்று ஒரு குரல். "மாமா, நான் அபுல் ஹசன். கதவத் தெறங்க மாமா."

லாத்தா, மச்சான் வந்து நம் வாசலில்